மல்லித்தூள் ஆறு படி

மே 5, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு ஆலயத்தின் பின்புறச் சமையல் கொட்டகையில் இருந்தவர்கள்: சபைச் செயலாளர் தேவசகாயம் (என் வீட்டுக்காரர்), பொருளாளர் ஞானமுத்து அண்ணாச்சி, பெண்கள் சங்கத் தலைவி வேதமணி டீச்சர், சமையல்காரர் பொன்னுலிங்கம், கறி கழுவ வந்த பேரின்பம். ஆக ஐந்து பேர்.

இன்று கிருபாவிளை ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம். சபையார் எல்லாரும் வித்தியாசம் பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். நானூற்றைம்பது இலை விழுந்தது.

அரிசி 70 கிலோ. ஆட்டுக்கறி 70 கிலோ, இரண்டு டிரம். தேங்காய் 60. மல்லித்தூள் 6 படி. மிளகாய்த்தூள் 3 படி. இஞ்சி, பூண்டு இரண்டு பங்கு. புதினா 20 கட்டு. அசனக் குழம்புக்கு நாங்கள் புதினா சேர்ப்பதில்லை. இந்த வருஷம் சேர்த்தோம்.

குழம்பு மணம் பஸ் ஸ்டாண்டு வரை வந்ததாகச் சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஸ்தோத்திரம்.

நான் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை. கையில் ஒரு வாடை. எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன்.

மே 6, திங்கள்

விடியும்போதே தெற்குத் தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. வாந்தி, பேதி. பத்து மணிக்குள் முப்பது பேர், சாயங்காலம் அறுபத்தொன்று. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்களாம். இவர் பைக்கில் மூன்று முறை போய் வந்தார். நான் ஒரு அண்டா வெந்நீரை ஆறவைத்து உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தனுப்பினேன். கஞ்சி இரண்டு பானை. துணி ஊறப்போட்டது ஊறியபடியே கிடக்கிறது.

எங்கள் வீட்டில் இவருக்கு ஒன்றுமில்லை. ஞானமுத்து அண்ணாச்சி வீட்டிலும் ஒன்றுமில்லை, டீச்சருக்கும் ஒன்றுமில்லை. கமிட்டியில் பதினோரு பேர், பதினோரு பேரும் சுகம். கர்த்தர் நம்மைக் காத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே இவர் சாப்பிட உட்கார்ந்தார். மூன்று தோசை. நாலாவது கேட்டார். அவர் மீசையில் சட்னி ஒட்டியிருந்தது. நான் பின்கட்டுக்குப் போய் ஓங்கரித்தேன். வெறும் எச்சில்தான் வந்தது.

மே 7, செவ்வாய்

கை இன்னும் நாறுகிறது.

மே 8, புதன்

சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. ஏழு டம்ளர் டீ, ஒரு தட்டு முறுக்கு. சுகாதாரத் துறையிலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அதனால் அவசரக் கூட்டம்.

அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டது. முதலில் தண்ணீர்த் தொட்டி மேல் பழி போட்டுப் பார்த்தார்கள். தொட்டியைக் கட்டிய காண்டிராக்டர் ஞானமுத்து அண்ணாச்சியின் மச்சினன் என்பது நினைவு வந்ததும் தொட்டியை விட்டுவிட்டார்கள். அப்புறம் தயிர். தயிர் கொடுத்தது டீச்சர் வீடு. கடைசியில் பேரின்பத்திடம் வந்து நின்றார்கள். அவளுக்கு முந்தின நாளே வயிறு சரியில்லை என்று ஒருவர் சொன்னார். அவள் கைச் சுத்தம் தெரிந்ததுதானே என்று இன்னொருவர் சொன்னார். தான் அப்போதே நினைத்ததாக டீச்சர் சொன்னார்.

"பேரின்பம்னு பேர வச்சிக்கிட்டு ஊருக்கே பேதியக் குடுத்துட்டாளே" என்றார் ஞானமுத்து அண்ணாச்சி.

எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரித்த சிரிப்பில் டீ தரையில் கொட்டியது. நான் போய்த் துடைத்தேன். ஊறிய முறுக்குத் துணுக்கு ஒன்று துணியில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்தத் துணியைத் துவைக்க மனமில்லாமல் எறிந்துவிட்டேன்.

பேரின்பம் எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறவள். புருஷன் இல்லை. அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கு. பள்ளிக்கூடம் திறக்கும்போது வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். விளக்கக் கடிதத்திலும் அவள் பேரையே எழுதுவது. ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது.

போகும்போது டீச்சர் அடுப்படிக்குள் வந்தார். பத்தொன்பதாம் தேதி பெண்கள் ஞாயிறாம். 'அன்றாட வாழ்வில் உள்ள உறுதி' என்பது தலைப்பாம். கர்த்தர் நம் வாழ்வில் செய்ததைச் சபை முன்னால் எடுத்துச் சொல்லும் சாட்சியை நான்தான் சொல்ல வேண்டுமாம். "உங்க பொறுமை யாருக்கு வரும் ரத்தினம்?" என்று என் கன்னத்தைத் தொட்டார். அவர் விரலில் முறுக்கு எண்ணெய் இருந்தது.

மே 10, வெள்ளி

உளுந்து ஊறப்போட்டேன். கேஸ் சிலிண்டர் மாற்றினேன் (போன சிலிண்டர் 41 நாள் வந்தது).

பதினொரு மணிக்குப் பேரின்பம் பின்வாசலில் வந்து நின்றாள். கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன்னுடைய அலுமினியச் சட்டியைக் கேட்டு வந்திருந்தாள். அன்றைக்குக் கறி கழுவ அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டி, மற்றப் பாத்திரங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத் தேச்சு வச்சிருக்கியளே" என்றாள்.

நான்கு தடவை தேய்த்தேன் என்று நான் சொல்லவில்லை. ஜன்னலில் வைத்திருக்கும் டம்ளரில் டீ கொடுத்தேன். வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கென்னக்கா? தின்னாத்தான வயிறு கெடும்? கண்ணால பாத்த பெறவு எப்படித் திங்க? நீங்களுந்தான் தின்னல்லியே. பந்தியில உங்களத் தேடினேன்."

பாலைக் கவனிக்கப் போவது போல உள்ளே திரும்பினேன். அடுப்பில் பால் இல்லை.

"ரெண்டாவது டிரம்மக் கவுத்தப்பவே நான் சொன்னேம்லா, கொழகொழன்னு இருக்கு, இது மனுசன் திங்கக் கறியில்லன்னு. அம்புட்டுப் பேரும் உங்க மூஞ்சியத்தான் பாத்தாவ, உங்களுக்குத்தான் பக்குவம் தெரியும்னு. நீங்க என்ன சொன்னிய, ஞாபகம் இருக்காக்கா?"

 அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

மே 12, ஞாயிறு

ஆராதனை. பேரின்பம் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. எட்டுப் பேர் உட்காரக்கூடிய பெஞ்சு.

நோயாளிகளுக்காக ஜெபம் செய்ய இவரை அழைத்தார்கள். இவருக்கு ஜெபம் நன்றாக வரும், குரல் தழுதழுக்கும், சரியான இடத்தில் நிற்கும். எங்கள் அஜாக்கிரதையை மன்னியும் என்றார். எங்கள் என்றால் யார் என்று சொல்லவில்லை. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் மேலே மின்விசிறிகளை எண்ணினேன். பதினான்கு. இரண்டு ஓடவில்லை.

மதியம் கறி எடுக்கட்டுமா என்று கேட்டார். முருங்கைக்காய் இருக்கிறது என்றேன்.

மே 13, திங்கள்

இவர் ஒரு தாள் கொண்டுவந்தார். டைப் அடித்தது. 'கறி கழுவிய பேரின்பம் என்பவர் வயிற்றுப்போக்குடன் வேலைக்கு வந்ததையும், கை கழுவாமல் கறியைத் தொட்டதையும் நான் நேரில் கண்டேன்.' கீழே என் பேர், ரத்தினபாய், கையெழுத்துக்குக் கோடு.

"பொம்பளையாளு சொன்னா நம்புவாங்க. அதுவும் நீ சொன்னா" என்றார்.

எங்கிருந்து கண்டேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். தேங்காய் கொடுக்க வந்தபோது வாசலில் நின்று பார்த்ததாகச் சொல் என்றார். பிறகு என் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பதினோரு வருஷத்து அசன அளவுகளும் அதில் இருப்பது அவருக்குத் தெரியும். மல்லித்தூள் வருஷா வருஷம் 3 படி. இந்த வருஷம் 6. யாராவது கேட்டால் வம்பு, அதை மூன்றாக்கிவிடு என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பலசரக்குப் பொட்டலம் மடித்துவந்த காகிதங்களைப் படித்துப் படித்து எழுத்தைக் கெட்டியாக்கினேன். கூட்டல் கழித்தல் கற்றதும் அப்படித்தான். என் நோட்டில் இதுவரை ஒரு அடித்தல் கிடையாது. இன்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்றை எட்டாக்கலாம். ஆறை மூன்றாக்க வழியில்லை.

ஆறு அப்படியே இருக்கிறது. நேர்மையால் விட்டேன் என்று எழுதமாட்டேன். எழுத்து இடம் கொடுக்கவில்லை.

மே 14, செவ்வாய்

அரிசி களையும்போது இவர் தண்ணீர் குடிக்க வந்தார். "உழக்கு அரிசி போடுத. அது எனக்கு. உனக்கு எங்க?" என்று கேட்டுச் சிரித்தார். முப்பது வருஷமாக இந்தக் கேலி. ஆட்களை எண்ணி அரிசி போடும்போது நான் என்னைச் சேர்ப்பதில்லை. மிஞ்சினதைச் சாப்பிடுவேன், மிஞ்சாமல் போனதில்லை.

அவர் போனபின் நோட்டை எடுத்து மே 5 எழுதியதைப் பார்த்தேன். ஐந்து பேர். விரல் விட்டு எண்ணினேன். தேவசகாயம், ஞானமுத்து, வேதமணி, பொன்னுலிங்கம், பேரின்பம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எண்ணியவள் எங்கே நின்று எண்ணினாள்?

இப்போது எழுதுகிறேன். கறிக்காரர் வீட்டில் கல்யாணம் என்பதால் சனிக்கிழமை காலையிலேயே ஆடு அறுத்துவிட்டார்கள். முதல் டிரம்முக்கு ஐஸ் போதுமான அளவு இருந்தது. இரண்டாவது டிரம்முக்குப் போட்டது அரைகுறை. ஞாயிறு காலையில் அது வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் நுரை. கை விட்டால் கறி வழுக்கியது, விரலோடு நூல் போல இழுத்துக்கொண்டு வந்தது. வாடை தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது. பேரின்பம் சொன்னாள், கெட்டுப்போச்சு என்று. பொன்னுலிங்கம், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்றார். முப்பத்தைந்து கிலோவைக் கொட்டினால் சபை சிரிக்கும் என்றார் ஞானமுத்து அண்ணாச்சி. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெந்நீர்ல ரெண்டு தரம் அலசி, மசாலாவக் கூட்டிப் போட்டாத் தெரியாது" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் கைப்பக்குவத்தை எல்லாரும் நம்பியதில் எனக்கு அந்த நேரத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் குமட்டுகிறது.

இன்னொன்று. முதல் டிரம் கறியில் எட்டுக் கிலோ தனியாக ஒரு உருளியில் வைத்தோம். கமிட்டிப் பந்திக்கு. எடுத்து வைத்தது என் கை. கர்த்தர் காத்துக்கொண்ட பதினோரு பேர் அவர்கள்தான்.

ஆறு பேர். இன்றைக்கு அரிசி ஒன்றரை உழக்கு.

மே 15, புதன்

இதை வாயால் சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். தேங்காய் அரைக்க மிக்ஸியைப் போட்டு, அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். 'கறி கெட்டிருந்தது. நான் அங்கே இருந்தேன்.' முதல் தடவை 'நான்' வரவில்லை. காற்றுத்தான் வந்தது. தேங்காய் மாவாக அரைந்துவிட்டது.

மே 16, வியாழன்

மிளகாய், இஞ்சி, பருப்பு மூன்றையும் தனித்தனியாக அரைத்தேன். மூன்று தடவை கிடைத்தது. மூன்றாவது தடவை 'நான்' கேட்டது. அரைக்க வேண்டாத பொட்டுக்கடலையையும் போட்டு அரைத்தேன்.

காலை ஜெபத்தில் பலம் தாரும் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு மிக்ஸியிடம் போகிறேன். இரண்டும் வேண்டியிருக்கிறது.

மே 17, வெள்ளி

பத்து மணி. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வாக்கியத்தை நல்ல சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்டு போய்விட்டது. மிக்ஸி நின்றது, நான் நிற்கவில்லை. "நான் அங்க இருந்தேன்" என்பது வீடு முழுக்கக் கேட்டது.

கூடத்தில் பேப்பர் மடிக்கும் சத்தம். இவர் வந்தார். "யாருகிட்டப் பேசுத?"

"மிக்ஸிகிட்ட."

"எங்க இருந்த?"

மூடியைத் திறந்து சட்னியை வழிப்பது போல நின்றேன். பிறகு, கரண்டு இல்லாமலே சொன்னேன். "கொட்டகையில. கறி கெட்டிருந்துது. மசாலாவக் கூட்டச் சொன்னது நான். நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"நீ எங்கயும் இல்ல. கமிட்டி மினிட்ஸ்ல உன் பேரே கெடையாது. எழுதுனவன் நான். உன்னக் காப்பாத்தத்தான் விட்டேன், தெரியுமா?"

"நானும் விட்டுட்டேன். என் நோட்டுலயும் அஞ்சு பேருதான் இருந்துது."

"பெறவென்ன? அவ வேற எங்கயாவது பெருக்கிப் பொழைப்பா. நாம இந்த ஊருல தலை நிமிந்து நடக்கணும்லா."

அப்போது கரண்டு வந்தது. நிறுத்தாத மிக்ஸி மூடியில்லாமல் சுற்றி, சட்னி சுவரெல்லாம், இவர் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது. நெற்றியில் ஒரு பொட்டு. துடைத்துவிட நான் கை நீட்டவில்லை. அவரே போய்க் கழுவிக்கொண்டார்.

சுவர் துடைக்க ஒரு மணி நேரம். சட்டையை ஊறப்போட்டேன்.

மே 19, ஞாயிறு

பெண்கள் ஞாயிறு. சாயங்காலம் நான்கு மணி, எண்பது பேர் இருக்கும். பேரின்பம் கடைசி பெஞ்சில். போதகர் சாம்ராஜ் ஐயா மூன்று சபைகள் சேர்ந்த சேகரத்தைப் பார்ப்பவர், ஆசீர்வாதம் சொல்லத்தான் வருவார் என்றார்கள். வேதமணி டீச்சர் என்னை அறிமுகப்படுத்தினார். ரத்தினத்தின் உள்ள உறுதியைப் பாருங்கள், முப்பது வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை என்றார்.

மைக் முன்னால் நின்றேன்.  மிக்ஸிச் சத்தம் இருக்கிறதாக நினைத்துக்கொண்டேன்.

"அசனத்தன்னைக்குக் கறி கெட்டிருந்தது. நான் அங்கே இருந்தேன். பேரின்பம் வேண்டாம்னு சொன்னா. மசாலாவைக் கூட்டிப் போட்டு மறைக்கலாம்னு நான்தான் சொன்னேன். அந்த நோவு பேரின்பத்தால வந்ததில்ல."

உருளியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் டீச்சர் என் தோளை அணைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பார்த்தீர்களா சகோதரிகளே, இதுதான் தாழ்மை, இன்னொருத்தியின் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள எவ்வளவு உறுதி வேண்டும் என்றார். கைதட்டினார்கள். ஆலயத்துக்குள் கைதட்டினார்கள். பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

இல்லை என்றேன். பாட்டில் அது கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்த சொர்ணபாய் என்னிடம் வந்து, என் வலது கையை எடுத்து முத்தமிட்டாள். அந்தக் கையை. டிரம்முக்குள் விட்ட கையை. இழுத்துக்கொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

போதகர் வந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் தன் விதமாகச் சொன்னார். அவர் புன்னகையோடு தலையாட்டி, நல்ல சாட்சி அம்மா என்றார். உண்மையைச் சொன்னால் எதிர்ப்பார்கள் என்று பயந்திருந்தேன், ஏசுவார்கள் என்று பயந்திருந்தேன். இப்படி விழுங்கிச் செரித்துவிடுவார்கள் என்று நினைக்கவில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது பேரின்பம் பக்கத்தில் நின்றாள். சேலையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, என் பாவத்தையும் சேத்துச் சுமக்கியளாமே. அது எந்தப் பாவம்னு மட்டும் டீச்சர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாயால சொன்னா பாட்டாக்கிருவாவ. எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எழுதத் தெரியும்லா" என்றாள்.

மே 20, திங்கள்

இவர் காலையில் நல்ல சந்தோஷம். ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சாம். அந்தத் தாளில் கையெழுத்துக்கூடத் தேவைப்படாது போல என்றார். நாலு இட்லி. நான் மூன்று சாப்பிட்டேன், அவருக்கு முன்னால் உட்கார்ந்து.

அவர் போனபின் எழுதினேன். இது நகல்.

'கிருபாவிளை சேகரப் போதகர் சாம்ராஜ் ஐயா அவர்களுக்கு, ரத்தினபாய் எழுதிக்கொள்வது.

நேற்று நீங்கள் கேள்விப்பட்டது சாட்சி. இது சாட்சியம். இரண்டும் வேறு. தாழ்மை என்று இதைப் படிக்க வேண்டாம், கணக்கு என்று படியுங்கள்.

மே 5 காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்: தேவசகாயம், ஞானமுத்து, வேதமணி, பொன்னுலிங்கம், பேரின்பம், ரத்தினபாய். ஆக ஆறு பேர். இரண்டாவது டிரம் கறி 35 கிலோ கெட்டிருந்தது. கெட்டுவிட்டது என்று சொன்னது ஆறு பேரில் பேரின்பம் ஒருத்திதான். மறைக்க வழி சொன்னது நான். வேண்டாம் என்று மற்ற நான்கு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. முதல் டிரம்மிலிருந்து 8 கிலோ கமிட்டிக்குத் தனி உருளியில் வைத்தது நான். மல்லித்தூள் 3 படி போட வேண்டிய இடத்தில் 6 படி போட்டதும் நான். என் நோட்டின் பதினோரு வருஷப் பக்கங்களை இத்துடன் நகலெடுத்து வைத்திருக்கிறேன். இதன் இன்னொரு பிரதி சுகாதார ஆய்வாளருக்கு இன்றைக்கே தபாலில் போகிறது.

பேரின்பம் சுத்தமாக வந்தாள். அவள் கொண்டுவந்த சட்டியும் சுத்தமாக இருந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்தும் தீர்மானத்தை ரத்து செய்து, அதை ஆராதனையில் வாசிக்க வேண்டும். என் பேரில் என்ன நடவடிக்கை என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பள்ளிக்கூடம் ஜூன் 10 திறக்கிறது. அதற்குள் பதில் வேண்டும். சீக்கிரம் எழுதவும்.

ரத்தினபாய்.'